தாயம் போட்டால் தேரிக்காடு!

முழுப் பரீட்சை லீவுக்குப் பெங்களூரிலிருந்து என் அக்கா மகன் வந்திருந்தான். கையில் பெரிய அட்டைப்பெட்டி. "சித்தி, தொட்டுராதீங்க, பெயின்ட் போயிடும்" என்று எச்சரிக்கை வேறு! திறந்தால், கட்டைவிரல் உயரத்தில் வாள் பிடித்த வீரர்களும் கொம்பு முளைத்த பூதங்களும். 'வார்ஹேமர்' என்று பெயராம். 1983-ல் இங்கிலாந்தில் வெளிவந்த யுத்த விளையாட்டு.

பொம்மைகளைவிட என் மனசைப் பிடித்தது அந்த விளையாட்டின் தரைதான். சதுரங்கம், ஆடுபுலி என்றால் கட்டம் மாறாது. இதிலோ மேஜைமேல் மலை, காடு, இடிந்த கோட்டை எல்லாம் வைத்து ஆடுகிறார்கள். அந்தக் கதை உலகத்தின் வடகோடியில் கேடு பிடித்த பாழ்நிலம் ஒன்று உண்டாம். எந்த இடத்தில் என்ன இருக்கும் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகப் பகடை உருட்டி நிலத்தை அமைப்பார்களாம்.

பையன் ஊருக்குப் போனான், பெட்டியும் போயிற்று. என் பிள்ளைகள் இரண்டும் புளியமுத்தைப் படையாக்கி, தலையணையை மலையாக்கி ஆடத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் சின்னவள் அழுதுகொண்டே அடுப்படிக்கு வந்தாள். அவளுக்கு ஒன்பது வயசு, அண்ணனுக்குப் பதிமூன்று.

"அண்ணன் வச்ச காட்டுல அண்ணன்தாம்மா ஜெயிப்பான்!"

'தோத்தா அழுவாளா ஒருத்தி' என்று அதட்டிவிட்டுப் போய்ப் பார்த்தேன். மலையெல்லாம் அவன் பக்கம். இவள் பக்கம் பொட்டல்! பாகம் பிரிக்கிறவரே முதல் பங்கை எடுத்துக்கொள்ளும் கதை நமக்குத் தெரியாததா?

"நிலத்தையும் பகடைக்கு விடுங்க" என்றேன். பகடை இல்லை. அப்போதுதான் பின்கட்டிலிருந்து அத்தை, என் மாமியார், தன் டிரங்குப் பெட்டியிலிருந்த பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து வந்தார்.

மாமா தவறிய பிறகு, தேரிக் குடியிருப்பு வீட்டைப் பூட்டிவிட்டு எட்டு மாசமாகப் பாளையங்கோட்டையில் எங்களோடு இருக்கிறார். தாமிரபரணித் தண்ணீர், வாசலில் கீரைக்காரி, எல்லாம் வசதிதான். ஆனாலும் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அன்றைக்கு வாயைத் திறந்தார்.

"பாழ்நெலம்னா தேரிதாம்ல. நேத்து இருந்த மேடு இன்னைக்கு இருக்காது பாத்துக்கோ."

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவே செக்கச்செவேலென்று கிடக்கும் மணற்காடு அது. 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகும்வரை நம் நெல்லை ஜில்லாவில்தான் இருந்தது. மணல் துகள்மேல் இரும்புத் துரு படிந்ததால் அந்தச் சிவப்பு. ஆனி, ஆடிக் காற்று மேற்கேயிருந்து அடித்தால் மணல் மேடே நகரும். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு கெட்டால் பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் சொல்வதைப் பள்ளியில் படித்தபோது எனக்கு விளங்கவில்லை. கல்யாணமாகி அந்த மணலில் செருப்பில்லாமல் நாலடி வைத்தபோது விளங்கிற்று!

சின்னவள் பூஜை அலமாரியிலிருந்த கள்ளர்வெட்டு மண்ணைக் கேட்டாள். கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகைக் கடைசியில் கள்ளனுக்குப் பதிலாக இளநீரை வெட்டுவார்கள். அந்த இடத்து மண்ணை அள்ளி வந்து வீட்டில் வைப்பது வழக்கம். "அது சாமி மண்ணுட்டி, வெளையாடப்படாது" என்ற அத்தை, செங்கல் நிறப் புடவை ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். மாமா எடுத்துக் கொடுத்தது. "கட்டுங்க அத்தை" என்று நான் எத்தனையோ தரம் சொல்லியும் கட்டாதது. மடிப்பெல்லாம் மணல் மேடாயிற்று.

அதில் சாக்பீஸால் 16 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் தாயம் உருட்ட வேண்டும். தாயக்கட்டையில் ஒரு விசேஷம் உண்டு. கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு பக்கம் வெறுமை. விழக்கூடிய 16 விதத்தில் மூன்று விழ 4 வழி; இரண்டுக்கும் நாலுக்கும் 3 வழி; தாயத்துக்கும் ஐந்துக்கும் 2; ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஒரே வழிதான். அதனால் அதிகம் விழும் மூன்றுக்கு வெறும் மணல்: கால் புதையும், படை பாதி தூரம்தான் போகும். இரண்டுக்கு உடைமுள் (தேங்காய் நார்). நாலுக்குப் பனங்கூட்டம்: மாவு உருண்டையில் விளக்குமாற்று ஈர்க்கு, ஒளிந்துகொள்ளலாம். ஐந்துக்கு மேடு: சிரட்டையைக் கவிழ்த்துப் புடவைக்கு அடியில் வைத்தால் போதும், மேலே நிற்பவனுக்குச் சண்டையில் இன்னொரு உருட்டு. தாயத்துக்குச் சீமைக்கருவேல்: உள்ளே போனவன் மறுபடி தாயம் போட்டால்தான் வெளியே வரலாம். (இது என் சேர்க்கை. எங்கள் கொல்லையில் அதை வெட்டி அலுத்த கோபம்!)

ஆறுக்குச் சுனை. "மேலப்புதுக்குடியில அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில்ல, அம்புட்டு மணலுக்கு நடுவுல தண்ணி கெடக்கும்" என்று அத்தை தன் கைக்கண்ணாடியை வைத்தார். சுனைக்கு வந்த படைக்கு, செத்த வீரன் ஒருத்தன் எழுந்து வருவான். பன்னிரண்டு விழுந்தால் காற்று. பக்கத்து மேடு ஒரு கட்டம் நகரும். எந்தப் பக்கம் என்று ஆச்சி சொல்வார்.

எச்.ஜி.வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1913-லேயே பொம்மைச் சிப்பாய் யுத்தத்துக்கு விதி எழுதிப் புத்தகம் போட்டார். பிள்ளைகளின் கட்டைகளையும் செடிக்கொப்பையும் தரையில் பரப்பித்தான் அவரும் ஆடினார். ஆகவே காசு கொட்டித்தான் ஆடணும் என்றில்லை, சகோதரிகளே. ஆனால் தவழும் குழந்தை உள்ள வீட்டில் புளியமுத்து வேண்டவே வேண்டாம். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டால் ஆபத்து. பெரிய பிள்ளைகள் ஆடி முடித்ததும் எண்ணி டப்பாவில் போடச் சொல்லுங்கள்.

அன்றைக்கும் தோற்றது சின்னவள்தான். கடைசி நேரத்தில் பன்னிரண்டு விழுந்து, அவள் படை நின்ற மேடு நகர்ந்துவிட்டது. அழுவாளோ என்று கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

"காத்து சரியில்ல ஆச்சி" என்றாள்.

"ஆடி பொறக்கட்டும், நெசக் காத்தக் காட்டுதேன். இப்பம் மடிப்ப நீவி விடுட்டி, இன்னொருக்கப் போடுவோம்" என்று அத்தை கட்டையை உள்ளங்கையில் தேய்த்தார்.