70 மணி நேரமா, 40 மணி நேரமா? பைலட்டுகள் கையெழுத்துப் போடத் தயங்கிய ஒப்பந்தத்தின் கணக்கு



வேரியபிள் பே பத்தி நம்ம சேனல்ல எப்ப வீடியோ போட்டாலும் ஒரு கேள்வி தவறாம வரும். "கம்பெனி சம்பள அமைப்பை மாத்துறாங்க. வழக்கம்போல வேலை பார்த்தா மொத்தத் தொகை குறையாதுன்னு சொல்றாங்க. கையெழுத்துப் போடலாமா?"

இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் விமானத் துறையில இருக்கு. 2024 தொடக்கத்துல விஸ்தாரா பைலட்டுகள் முன்னால வந்த புது ஒப்பந்தம்தான் அது. "லட்சக்கணக்குல சம்பளம் வாங்குறவங்களுக்கு என்ன கவலை?"ன்னு உடனே கடந்து போயிடாதீங்க. தொகை பெரிசா இருக்கலாம். ஆனா கணக்கு உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே கணக்குதான்.

என்ன நடந்தது?

2022 ஜனவரியில் டாடா குழுமம் ஏர் இந்தியாவை அரசிடமிருந்து எடுத்துக்கொண்டது. டாடாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து நடத்திய விஸ்தாராவை அதனுடன் இணைக்கும் முடிவு அதே ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்டது. ரெண்டு நிறுவனம் ஒண்ணானா, சம்பள அமைப்பும் ஒண்ணாகணும் இல்லையா? ஏர் இந்தியாவில் 2023 ஏப்ரலில் வந்த புது அமைப்பில், பைலட்டுக்கு உறுதியாகக் கிடைக்கும் பறக்கும் நேரச் சம்பளம் மாதம் 40 மணி நேரத்துக்கு மட்டும். அங்கிருந்த பைலட் சங்கங்கள் அப்பவே எதிர்த்தாங்க.

விஸ்தாரா பைலட்டுகளுக்கு அதுவரை 70 மணி நேரத்துக்கான சம்பளம் உறுதி. புது ஒப்பந்தத்தில் அது 40 ஆனது. அதுக்கு மேல பறந்தா, பறந்த நேரத்துக்குத் தனியா பணம். இதோட ரோஸ்டர் பத்தின மனக்குறையும் சேர்ந்துக்கிச்சு. ஓய்வுக்கு இடமில்லாத அளவுக்குப் பணி அட்டவணை போடுறாங்க என்பது பைலட்டுகளின் புகார்.

மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதல் வாரத்திலும் பல பைலட்டுகள் உடம்பு சரியில்லைன்னு விடுப்பு எடுத்தாங்க. விமானங்கள் வரிசையா ரத்தாச்சு. விமானப் போக்குவரத்து அமைச்சகம் விளக்கம் கேட்டது. நிறுவனத்தின் தலைமை அதிகாரி வினோத் கண்ணன் பைலட்டுகளுடன் காணொலி வழியாகப் பேசினார். கடைசியில் தினமும் 25 முதல் 30 விமானங்களை, அதாவது சுமார் 10 சதவீதத்தை, நிறுவனமே குறைத்துக்கொண்டது. 98 சதவீத பைலட்டுகள் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுட்டாங்கன்னும் நிறுவனம் சொன்னது. 2024 நவம்பர் 12 அன்று இணைப்பும் முடிந்தது.

98 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்ட ஒரு ஒப்பந்தத்துக்கு ஏன் இவ்வளவு பதற்றம்? அதுதான் இந்தக் கட்டுரை.

பைலட் சம்பளம் எப்படிக் கணக்காகுது?

நம்ம ஆபீஸ்ல 9 மணிக்கு உள்ளே போனா 6 மணி வரை வேலை நேரம். பைலட்டுக்கு அப்படி இல்லை. விமானம் கிளம்புற இடத்துலேர்ந்து நகர ஆரம்பிக்கும் நேரம் முதல், இறங்கி நிற்கும் நேரம் வரைதான் பறக்கும் நேரம். முன்கூட்டியே வந்து தயாராகும் நேரம், ரெண்டு விமானத்துக்கு நடுவுல காத்திருக்கும் நேரம் எல்லாம் இதுல வராது. ஆக, 70 மணி நேரம் பறக்குறது என்பது 70 மணி நேர வேலை இல்லை. அதைவிட அதிகம்.

சட்டப்படி ஒரு பைலட் ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. மாத சராசரி பார்த்தா 83 மணி நேரம். அதனால் 70 என்பது கிட்டத்தட்ட முழு மாத உழைப்பு. 40 என்பது அதில் பாதியை ஒட்டியது.

முக்கியமான விஷயம் இது: எத்தனை மணி நேரம் பறக்கணும் என்பதைப் பைலட் முடிவு செய்வதில்லை. ரோஸ்டர் முடிவு செய்யுது. ரோஸ்டரை நிறுவனம் போடுது. அமெரிக்காவின் பெரிய விமான நிறுவனங்களில் பைலட்டுகள் தங்கள் விருப்பத்தைப் பதிவு செய்வாங்க, பணி மூப்பு வரிசைப்படி கணினி பணியை ஒதுக்கும். அந்த முறையை மாத்தணும்னா சங்கத்தோட பேசி, பைலட்டுகளின் வாக்கெடுப்பில் ஜெயிக்கணும். விஸ்தாராவில் ஆளாளுக்குத் தனித்தனிக் கையெழுத்து. தனியா உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய நிலை.

சரி, நாமும் போட்டுப் பார்ப்போம்

ஒரு மணி நேரத்துக்கு 5,000 ரூபாய்னு உதாரணத்துக்கு வெச்சுக்கலாம். உண்மையான தொகை பதவி, அனுபவம், விமான வகையைப் பொறுத்து மாறும்.

80 மணி நேரம் பறந்த மாதம்: பழைய முறையில் 4 லட்சம், புது முறையிலும் 4 லட்சம்.
70 மணி நேரம் பறந்த மாதம்: ரெண்டிலும் 3.5 லட்சம்.
45 மணி நேரம் பறந்த மாதம்: பழைய முறையில் 3.5 லட்சம், புது முறையில் 2.25 லட்சம்.

கவனிச்சீங்களா? மணி நேர விகிதம் மாறாம இருந்தா, புது முறையில் எந்த மாதத்திலும் ஒரு ரூபாய்கூட அதிகம் கிடைக்காது. நல்ல மாதத்தில் சமம், மோசமான மாதத்தில் குறைவு.

ஒரு முழு வருஷத்துக்குப் பார்ப்போம். 9 மாதம் 75 மணி நேரம், 3 மாதம் 45 மணி நேரம் பறந்ததா வெச்சுக்கலாம். பழைய முறையில் 33.75 லட்சமும் 10.5 லட்சமும் சேர்ந்து 44.25 லட்சம். புது முறையில் 33.75 லட்சமும் 6.75 லட்சமும் சேர்ந்து 40.5 லட்சம். வித்தியாசம் 3.75 லட்சம்.

இந்த இழப்பை ஈடுகட்டணும்னா என்ன செய்யணும்? 40 மணி நேரத்துக்கு மேல் பறக்கும் நேரத்துக்கு விகிதத்தை ஏத்தணும். அந்த வருஷத்தில் 40-க்கு மேல் பறந்தது மொத்தம் 330 மணி நேரம். 3.75 லட்சத்தை 330-ஆல் வகுத்தா சுமார் 1,136 ரூபாய். அதாவது மணிக்கு 5,000 என்பது கூடுதல் நேரத்துக்கு 6,136 ஆகணும். ஏறக்குறைய 23 சதவீத உயர்வு. அதுக்குக் கீழே கொடுத்தா அது சம்பளக் குறைப்பு, பேர் மட்டும் வேற. அதுக்கு மேல கொடுத்தா யோசிக்கலாம்.

"எப்படியும் 70-க்கு மேலதான் பறப்பீங்க"

இந்த மாதிரி ஒப்பந்தங்களுக்கு நிறுவனங்கள் பொதுவா வைக்கும் வாதம் இதுதான். பல மாதங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனா ஒரு ஆடிட்டரா எனக்கு உடனே தோணும் கேள்வி: எப்படியும் 70 தாண்டும்னு அவ்வளவு நம்பிக்கை இருந்தா, அதை எழுதிக் கொடுக்க என்ன செலவு?

எழுதிக் கொடுக்கத் தயங்குறாங்கன்னா, குறையும் மாதங்கள் வரும்னு அவங்களே எதிர்பார்க்குறாங்க. அதுல தப்பில்லை. என்ஜின் கோளாறால் விமானங்கள் தரையில் நிற்கலாம். புது விமானம் வர தாமதம் ஆகலாம். வேற வகை விமானத்துக்கு மாற பைலட் பயிற்சிக்குப் போகலாம். அந்தச் செலவை யார் தாங்குறது என்பதுதான் 70-க்கும் 40-க்கும் நடுவுல இருக்கும் கேள்வி. உறுதித் தொகை என்பது ஒரு இன்சூரன்ஸ் மாதிரி. இதுவரை அதைக் கொடுத்தது நிறுவனம். இனிமே அந்த ஆபத்து பைலட்டோடது. ஆனா ரோஸ்டர் போடும் அதிகாரம் மட்டும் நிறுவனத்துகிட்டயே இருக்கு.

இன்னொரு பக்கமும் சொல்லணும். எழுதிக் கொடுத்த உறுதிக்கும் ஒரு எல்லை உண்டு. 2019 ஏப்ரல் 17-ல் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது பைலட்டுகளுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் திவால் மனு போட்டது. 2020-ல் மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டு விமானங்களே ஓடவில்லை, நிறுவனங்கள் சம்பளத்தைக் குறைச்சாங்க. அதிக வட்டி தரும் பலவீனமான இடத்தைவிடக் குறைந்த வட்டி தரும் உறுதியான வங்கி மேல்னு நாம பேசுவோம் இல்லையா, அதே தர்க்கம் இங்கேயும் பொருந்தும். டாடாவின் பலம் பின்னால இருக்கும் 40 மணி நேரத்துக்கும் ஒரு மதிப்பு இருக்கு. கையெழுத்துப் போட்டவங்க எல்லாரும் ஏமாந்தவங்கன்னு சொல்ல முடியாது.

களைப்புக்கும் ஒரு விலை

இந்த விஷயத்தில் பைலட்டின் பணம் மட்டும் இல்லை, பின்னால உட்கார்ந்திருக்கும் நம்ம உயிரும் இருக்கு. 70 மணி நேரம் உறுதியா இருந்தா, "இன்னைக்கு ரொம்பக் களைப்பு, பறக்க முடியாது"ன்னு சொல்ல பைலட்டுக்குப் பணக் கஷ்டம் இல்லை. 40-க்கு மேல ஒவ்வொரு மணி நேரமும் காசுன்னா, அந்த வார்த்தை வாயில் வர கொஞ்சம் யோசிப்பாங்க. மனுஷ இயல்பு அது.

விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் அறிவிச்ச புது ஓய்வு விதிகளையும் சேர்த்துப் பாருங்க. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவுப் பணியில் தரையிறக்கங்கள் 6-லிருந்து 2 ஆகக் குறைக்கப்பட்டன. 2025 ஜூலை, நவம்பர்னு ரெண்டு கட்டமா அமலுக்கு வந்தது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு கொடுக்க வேண்டி வந்ததும் இதனால்தான். ஓய்வு கூடும்போது ஒருத்தர் பறக்கும் நேரம் குறையலாம். உறுதி 70 இருந்தா அந்தச் செலவு நிறுவனத்தோடது. உறுதி 40 இருந்தா, பைலட் தன் ஓய்வுக்குத் தானே பணம் கட்டுற மாதிரி.

கையெழுத்துக்கு முன்னால பார்க்க வேண்டியவை

பைலட்டுக்கு மட்டும் இல்லை, நமக்கும் சேர்த்துச் சொல்றேன்.

1. இஎம்ஐ எதோட ஒப்பிடுறீங்க? நம்ம உதாரண பைலட்டுக்கு வீட்டுக்கடன், பயிற்சிக் கடன் எல்லாம் சேர்த்து 1.1 லட்சம் இஎம்ஐன்னு வெச்சுக்கலாம். 3.5 லட்சம் உறுதியில் அது 31 சதவீதம். 2 லட்சம் உறுதியில் அதே இஎம்ஐ 55 சதவீதம். கடன் மாறலை, சம்பள விகிதமும் மாறலை, ஆபத்து மட்டும் மாறிடுச்சு. புதுசா கடன் கேட்டாலும் வங்கி நிலையான சம்பளத்தைத்தான் முழுசா எடுத்துக்கும், மாறும் தொகையில் ஒரு பகுதியை மட்டுமே கணக்கில் சேர்க்கும்.

2. அடிப்படைச் சம்பளம் குறையுதா? பிஎஃப், கிராஜுவிட்டி ரெண்டும் அதை ஒட்டித்தான் நடக்கும். புது தொழிலாளர் சட்டங்களில், அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினா, தாண்டின பகுதி ஊதியத்தோட சேரும். உங்க புது அமைப்பு இந்த விதிப்படி எப்படி வருதுன்னு ஹெச்ஆர்கிட்ட எழுத்துல கேளுங்க.

3. "அலவன்ஸா வந்தா வரி மிச்சம்"னு சொன்னா நம்பிடாதீங்க. போக்குவரத்துப் பணியாளர்களுக்கான அலவன்ஸ் விலக்கு பழைய வரி முறையில் மட்டும்தான். அதுவும் முழு அலவன்ஸுக்கும் இல்லை, ஒரு வரம்பு வரைக்கும்தான். தினப்படி வாங்கினா அதுவும் கிடையாது.

4. விடுப்பு, உடம்பு சரியில்லாத நாள், பயிற்சி நாள் எல்லாம் எப்படிக் கணக்காகும்? உறுதி நேரத்திலிருந்து கழிப்பாங்களா, மாட்டாங்களா? இந்த ஒரு வரியில்தான் பல ஒப்பந்தங்களின் உண்மையான செலவு ஒளிஞ்சிருக்கும்.

5. பிடிக்கலைன்னா எவ்வளவு சீக்கிரம் வெளியே போகலாம்? 2017-ல் வந்த விதிப்படி கமாண்டருக்கு ஒரு வருஷம், துணை விமானிக்கு ஆறு மாதம் நோட்டீஸ். வெளியேறும் கதவு தூரத்தில் இருந்தா, உள்ளே இருக்கும் உறுதிக்கு மதிப்பு அதிகம்.

என் கருத்து

வேலை நேரத்தை நீங்க முடிவு செய்ய முடிஞ்சா, மாறும் சம்பளம் உங்களுக்கு லாபமா இருக்கலாம். வேலை நேரத்தை இன்னொருத்தர் முடிவு செய்யும்போது, உறுதித் தொகையைக் குறைக்க ஒத்துக்கிட்டா அதுக்கு விலை கேட்கணும். அந்த விலை எவ்வளவுன்னு மேல போட்ட மாதிரி ஒரு தாளில் அரை மணி நேரத்தில் கண்டுபிடிச்சிடலாம். அப்படியும் வேற வழியில்லாம கையெழுத்துப் போடுறீங்களா? போடுங்க. ஆனா அன்னையிலேர்ந்து உங்க சம்பளம் 70 மணி நேரச் சம்பளம் இல்லை, 40 மணி நேரச் சம்பளம்னு நினைச்சு வீட்டுச் செலவையும் இஎம்ஐயையும் அமைச்சுக்கோங்க. மிச்சம் வர்றதை முதல்ல ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதியில் போடுங்க.

உங்க ஆஃபர் லெட்டரை இன்னைக்கு ஒரு தடவை எடுத்து, "உறுதி" என்ற சொல் எந்தத் தொகைக்குப் பக்கத்தில் இருக்குன்னு பாருங்க. சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க, அடுத்த வீடியோவில் உங்க எண்களை வெச்சே கணக்குப் போடலாம்.