குடவோலைப் பல்லியம்

மார்கழித் திருவாதிரைக்கு முந்திய நாளில் சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளில் நிற்பவர் செவிகளில் பல ஒலிகள் ஒரே வேளையில் வந்து மோதும். ஒருபுறம் நாதசுரமும் தவிலும் முழங்கும். ஒருபுறம் சங்கு ஒலிக்கும். கைமணிகள் இடையறாது அசையும். ஓதுவார் திருமுறை பாடுவர். தீட்சிதர் மறை ஓதுவர். இவை ஒரு சுருதியில் நில்லா; ஒரு தாளத்தில் அடங்கா. அதனை எவரும் குறையாகக் கருதுவதில்லை. திருவிழாவின் முழக்கம் அத்தகையதே. எனினும், அக்கூட்டத்துள் ஒருவர் இசைப்புலவர் ஒருவரை நோக்கி, ‘நாதசுரம், சங்கு, கைமணி ஆகிய இம்மூன்றுக்கும் பொருந்த ஓர் இசை அமைத்துத் தருக’ என்று கேட்பாராயின், அப்புலவர் சற்றே திகைத்து நிற்பார். முழங்குவது எளிது, இசைவது எளிதன்று.

பல கருவிகள் கூடி ஒலிப்பதைப் பல்லியம் என்பது பண்டைத் தமிழ் வழக்கு. இயம் என்பது இசைக்கருவி. பல்லியத்துக்கு இசை அமைப்போர் பெரும்பாலும் தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே தேர்ந்து கொள்வர். மணமகனுக்குச் சட்டை தைப்பவர் அளவெடுத்துத் தைப்பது போன்றது அது. இதற்கு மாறாக, கருவிகளைத் தற்செயலே கொண்டுவந்து சேர்த்துவிட, அவற்றுக்கு ஏற்ப இசை அமைக்க வேண்டிய நிலையும் உண்டு. பழைய சட்டை ஒன்றுக்கு உரிய ஆளைத் தேடுவது போன்ற கடுமை இதில் இருக்கிறது. ஆயினும் இதில் விளையும் இன்பமும் பெரிது.

கடலூரில் ஒரு பள்ளியில் ஆண்டுவிழா நடைபெறுவதாகக் கொள்வோம். மாணவர் பதின்மர் தத்தமக்குப் பழக்கமான கருவிகளைக் கொண்டு வருகின்றனர். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வரும் மாணவனிடம் நாதசுரம் இருக்கிறது. மற்றவரிடம் புல்லாங்குழல், வீணை, வயலின், ஆர்மோனியம், சலதரங்கம், மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங் என்பன உள்ளன. பத்துப் பெயர்களையும் பத்துச் சீட்டுகளில் எழுதி ஒரு குடத்தில் இட்டுக் குலுக்கி, மூன்று சீட்டுகளை எடுக்கின்றனர். உத்தரமேரூர்ச் சபைக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்த முறையைப் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் விரித்துரைக்கின்றன. அங்குத் தேர்ந்தது ஆட்களை. இங்குத் தேர்வது கருவிகளை.

பத்திலிருந்து மும்மூன்றாகத் தேர்ந்தால் 120 சேர்க்கைகள் வரும். அவற்றுள் நான்கில் பண்ணிசைக்க ஒரு கருவியும் இராது. எல்லாம் தாளக் கருவிகளாகவே அமையும். இருபதில் தாளக் கருவி ஒன்றும் இராது. எஞ்சிய 96-இல் இருவகையும் கலந்து நிற்கும். வயலினும் மிருதங்கமும் கடமும் வந்தால் கச்சேரி கேட்டுப் பழகிய எவரும் அஞ்சார். வீணையும் நாதசுரமும் கடமும் வந்துவிட்டால் என் செய்வது? குடத்துக்குக் கச்சேரி வழக்கம் தெரியாது அன்றோ?

இசையமைப்பவர் முதலில் ஆராய வேண்டுவது சுருதி. ஆதார சட்சம் நிற்கும் நிலையை நம்மவர் கட்டைக் கணக்கால் குறிப்பர். ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையையும் சட்சமாகக் கொள்ளலாம். வீணையிலும் வயலினிலும் நரம்பை முறுக்கியோ தளர்த்தியோ ஓரளவு மாற்றலாம். சலதரங்கத்தில் கிண்ணத்து நீரைக் கூட்டினால் ஒலி தாழும், குறைத்தால் உயரும். புல்லாங்குழலோ துளையிட்டபோதே தன் சுருதியைப் பெற்றுவிட்டது. கடத்தின் சுருதி சூளையிலேயே முடிந்துவிடுகிறது. வேறு சுருதி வேண்டின் வேறு கடம்தான் கொணர வேண்டும். ஆகவே, அசையாதது எதுவோ அதனை நடுவில் நிறுத்தி, அசையக்கூடியவற்றை அதன்பால் கொண்டுவருதல் முறை. அசையாதவை இரண்டு சேர்ந்துவிட்டாலும் ஒரு வழி உண்டு. 5 கட்டைக் குழலில் மத்திமத்தையே சட்சமாகக் கொண்டு வாசித்தால் அது 1 கட்டைச் சுருதிக்கு இசைந்துவிடும். குழல் மாறவில்லை, வாசிப்பவன் விரல்கள் நினைவை மாற்றிக்கொண்டன.

அடுத்து ஆராய வேண்டுவது ஒலியின் அளவு. நாதசுரம் திறந்த வெளிக்கென்றே ஆக்கப்பட்டது. சீவாளியில் புகுந்த மூச்சு அணைசின் வழியே வெளிவருங்கால் தெருக்கோடிவரை கேட்கும். உயர்ந்த சுருதியுடைய பழைய திமிரி நாதசுரத்தினும் நீண்டு, சுருதி தாழ்ந்து, கனிந்த ஒலியுடையதாய் விளங்குவது பாரி நாதசுரம். அதனைப் பெருவழக்காக்கியவர் திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை (1898–1956). பாரியேயாயினும் வீணைக்கு அருகில் அது யானைதான். வீணையின் நுண்ணிய கமகங்களெல்லாம் அதன் முழக்கத்தில் மறைந்துபோம். ஒலிபெருக்கி வைத்து வீணையை உயர்த்தலாமே என்பர் சிலர். உயரும், ஆயினும் இழையாது.

மூன்றாவதாக ஆராய வேண்டுவது ஒலி நிற்கும் காலம். மீட்டிய வீணையின் ஒலி பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கும். குழலின் ஒலி மூச்சுள்ளவரை நிற்கும். வயலின் ஒலி வில் ஓடும்வரை நிற்கும். நெடிய கார்வை வேண்டிய இடத்தை வீணைக்குக் கொடுப்பதும், விரைந்து தெறிக்க வேண்டிய இடத்தைக் குழலுக்கே கொடுத்துவிடுவதும் கருவியின் இயல்பறியாமையால் வருவன. ஆர்மோனியத்துக்கு வேறொரு குறை. அதன் சுரங்கள் கட்டை கட்டையாய்த் தனித்து நிற்குமேயன்றி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லா. கமகம் அதற்கு எட்டாது. இக்குறை கருதியே அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. குறையுடைய கருவியை விலக்குவதா, அதனால் இயல்வதைத் தேடிக் கொடுப்பதா என்பது இசையுலகில் பழைய வழக்கு.

அவ்வழக்குக்குக் கடலூர்ச் சீமையிலேயே ஒரு பழங்கதை உண்டு. விருத்தாசலத்தை அடுத்த திருவெருக்கத்தம்புலியூரில் பிறந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவர் திருஞானசம்பந்தர் பாடும் பதிகங்களை யாழில் இட்டு வாசித்து, அவருடனேயே தலந்தோறும் சென்றார். காரைக்காலை அடுத்த தருமபுரத்தில் பாணரின் சுற்றத்தார், ‘நீர் யாழில் வாசிப்பதனாலேயே பதிகங்கள் புகழ்பெறுகின்றன’ என்றனர். பாணர் நடுங்கினார். யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடியருளும்படி சம்பந்தரையே வேண்டினார். சம்பந்தர் பாடினார், யாழ் அப்பண்ணைத் தொடர முடியாமல் நின்றது. பாணர் வெட்கியும் வருந்தியும் யாழை முறிக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து யாழை வாங்கிக்கொண்டு, இறைவன் புகழ் முழுதும் ஒரு கருவியில் அடங்குவதோ என்று தேற்றி, இயன்ற அளவில் அதில் வாசித்து வருமாறு பணித்துத் திரும்பக் கொடுத்தார். இவ்வரலாற்றைக் கூறுவது சேக்கிழாரின் பெரிய புராணம். அது தில்லை ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறியது என்பர்.

கருவியின் எல்லை தெரிந்தபின் செய்யக்கூடியவை இரண்டு: முறித்தெறிவது ஒன்று, இயன்றதை வாசிக்கச் சொல்வது மற்றொன்று. குடவோலையால் வந்த பல்லியத்துக்கு இசை அமைப்பவர் ஒவ்வொரு நாளும் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்கிறார்.

யாழ் பின்னர் வழக்கொழிந்தது, பண் ஒழியவில்லை. தில்லையில் தேவார ஏடுகள் கண்டெடுக்கப்பட்டபின், அப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரைக் கொண்டே பண்கள் வகுக்கப்பட்டன என்று திருமுறைகண்ட புராணம் கூறும். இன்று அப்பண்களை ஓதுவார் குரலிலும் கேட்கிறோம், நாதசுரத்திலும் கேட்கிறோம். நம் இசையில் பாட்டு ஒரு கருவிக்கென்று பிறப்பதில்லை. ஒரு கீர்த்தனத்தை வாய்ப்பாட்டிலும் வீணையிலும் குழலிலும் ஒன்றாகவே அடையாளம் காண்கிறோம். அதனாலேயே வெளியிலிருந்து வந்த கருவிகளுக்கும் இங்கு எளிதில் இடம் கிடைத்தது. ஆங்கிலேயர் கொண்டுவந்த வயலினைப் பாலுசாமி தீட்சிதர் (1786–1858) பயின்று நம் இசைக்கு ஆக்கினார். பின்னாளில் கிளாரினெட்டும் மாண்டலினும் சாக்சபோனும் அவ்வாறே வந்து சேர்ந்தன.

பல கருவிகள் சேரும்போது அவை நிற்க வேண்டிய முறையையும் முன்னோர் எண்ணியிருந்தனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் குயிலுவர், அதாவது கருவி இசைப்போர், முறைப்படி ஒருவரையொருவர் பின்பற்றுகின்றனர். குழலின் போக்கை யாழ் பற்றுகிறது. யாழைத் தண்ணுமை பற்றுகிறது. அதனை முழவு பற்றுகிறது. பின்னர் ஆமந்திரிகை வந்து கூடுகிறது. எல்லாரும் எல்லாவற்றையும் வாசிப்பதில்லை. ஒன்று வழிகாட்ட, மற்றொன்று அதனைக் கேட்டுச் செல்கிறது. கேட்டல் என்பது அங்கு வாசித்தலினும் முந்திய தொழிலாகிறது.

மேலைநாட்டில் நிலைமை வேறு. அங்குப் பெரும்பாலும் குறித்த கருவிகளுக்கென்றே இசையை எழுதுவர். ஆதலின், தற்செயல் குறுக்கிட்டபோது அங்கு நேர்ந்தது வியப்பானது. பிரெஞ்சு நாட்டு இசைப்புலவர் ஒலிவியே மெசியான், 1940-இல் செருமானியரிடம் போர்க்கைதியாகச் சிக்கிக் கோர்லிட்ஸ் நகரத்து முகாமில் அடைபட்டார். உடனிருந்த கைதிகளுள் ஒருவர் கிளாரினெட் வாசிப்பவர். ஒருவர் வயலின் வாசிப்பவர். மற்றொருவர் செல்லோ வாசிப்பவர். மெசியான் பியானோ வாசிப்பார். இந்நான்கும் கூடிய இசை அக்காலத்தில் மிக அரிது. சிறைவாயில் குலுக்கிப்போட்ட சீட்டு அது. அவர் எட்டுப் பகுதிகள் அமைத்தார். நான்கு கருவிகளும் கூடி ஒலிப்பவை அவற்றுள் நான்கே. மூன்றாம் பகுதி முழுவதும் கிளாரினெட் தனித்து ஒலிக்கிறது. நான்காவதில் பியானோ வாய்மூடிக் கிடக்கிறது. ஐந்தாவது செல்லோவுக்கும் பியானோவுக்கும் உரியது. ஆறாவதில் நால்வரும் ஒரே சுரவரிசையை ஒருங்கே வாசிக்கின்றனர். எட்டாவது வயலினுக்கும் பியானோவுக்கும் உரியது. அதுவும் 1930-இல் அவர் ஆர்கனுக்கென்று எழுதிய இசையிலிருந்து ஆக்கப்பட்டது. 1941 சனவரி 15-ஆம் நாள், கடுங்குளிரில், கைதிகளும் காவலரும் கேட்க முகாமிலேயே அது இசைக்கப்பட்டது. ‘காலத்தின் முடிவைக் குறித்த நாற்கருவி இசை’ என்னும் பொருளுடையது அதன் பெயர்.

அமெரிக்கராகிய டெரி ரைலி 1964-இல் அமைத்த ‘இன் சி’ மற்றொரு வகை. அதில் 53 சிறு சுரக்கோவைகளே உண்டு. கருவிகள் எவையென்றும் எத்தனையென்றும் அவர் விதிக்கவில்லை. வாசிப்பவர் ஒவ்வொருவரும் ஒரு கோவையை வேண்டியவரை திரும்பத் திரும்ப வாசித்து அடுத்ததற்குச் செல்லலாம்; மற்றவரை விட்டு வெகுதூரம் விலகிவிடுதல் மட்டும் ஆகாது. ஒரே சுரம் இடையறாது தட்டப்பட்டு அனைவரையும் கட்டி நிறுத்துகிறது. நம் சுருதிப்பெட்டியை அறிந்தவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

இனிக் கடலூர் மாணவர்களின் சீட்டுகளுக்கு வருவோம். வீணை, நாதசுரம், கடம். கடம் அசையாதது, அதன் சுருதியோடு பொருந்தும் நாதசுரம் கிடைக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கிடைத்துவிட்டால் வீணையின் நரம்புகளை அவ்விரண்டுக்கும் சேர்த்துக்கொள்ளலாம். தாளம் ஆதி; எட்டு அட்சரம். முதல் இரண்டு ஆவர்த்தனம் வீணை மட்டும் பண்ணைத் தொடங்குகிறது. மூன்றாவதில் கடம், விரல் நுனியால் மட்டும், மெல்ல வந்து சேர்கிறது. நாதசுர மாணவன் மேடையில் இல்லை. அவன் விளையாட்டுத் திடலின் மறுகோடியில், வேப்பமரத்தடியில் நிற்கிறான். வீணை ஓர் அடியை முடித்து ஓய்கையில், அவ்வடியையே அவன் தொலைவிலிருந்து திருப்பி ஊதுகிறான். தொலைவு அவன் முழக்கத்தைத் தணித்து வீணையின் அளவுக்குக் கொண்டுவருகிறது. வீணையின் ஒலி தேய்ந்து மறையும் இடத்தை நாதசுரத்தின் கார்வை ஏற்றுக்கொள்கிறது. கடம் இருவருக்கும் நடுவே காலத்தை எண்ணிக்கொண்டிருக்கிறது. காற்று எதிர்த்து வீசுமானால் திடலின் பாதிக்கு வந்து நிற்கும்படி அவனிடம் முன்னரே சொல்லி வைத்திருக்க வேண்டும்.