துபாய் அருகிலா, சிங்கப்பூர் அருகிலா?

மதுரையிலிருந்து துபாய்க்கு இரண்டரை மணி நேரம், சிங்கப்பூருக்கு ஆறரை மணி நேரம் என்று எங்கள் சிவகாசிப் பக்கத்தில் பலர் கூறக் கேட்டிருக்கிறேன். விமானச் சீட்டில் அச்சாகியிருக்கும் நேரங்களைக் கழித்துக் கிடைத்த விடை அது. சீட்டு பொய் சொல்லவில்லை. ஆனால் கழித்தல் கணக்கு தவறு.

நம் புவியியல் துறையில் உள்ள உலக உருண்டையில் ஒரு நூலை வைத்து அளந்து பார்த்தேன். மதுரையில் ஒரு முனையைப் பிடித்து, மேற்கே துபாய் வரை இழுத்தால் எவ்வளவு வருகிறதோ, கிழக்கே சிங்கப்பூர் வரையும் ஏறக்குறைய அவ்வளவே வருகிறது. அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் கொண்டு கணக்கிட்டால் துபாய் சுமார் 2,950 கிலோமீட்டர். சிங்கப்பூர் சுமார் 3,010. வேறுபாடு மதுரையிலிருந்து சிவகாசிக்கு வரும் தூரம்கூட இல்லை! சுவரில் தொங்கும் தட்டையான படத்தில் அடிக்கோல் வைத்து அளப்பதைவிட இந்த நூல் நம்பத்தக்கது. பூமி உருண்டை, அதன் மேல் இழுத்துப் பிடித்த நூலே மிகக் குறுகிய வழி.

ஜெட் விமானம் மணிக்கு 800 முதல் 850 கிலோமீட்டர் வரை பறக்கும். ஓடுபாதையில் ஊர்வதையும் மேலேறி இறங்குவதையும் சேர்த்தால் இரண்டு ஊருக்குமே ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். காற்று எதிர்த்தால் சற்றுக் கூடும்; பின்னிருந்து தள்ளினால் குறையும்.

பிறகு இரண்டரையும் ஆறரையும் எங்கிருந்து வந்தன? சீட்டில் புறப்படும் நேரம் நம்முடையது; இறங்கும் நேரமோ அந்த ஊருடையது. துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்தங்கியது. சிங்கப்பூர் இரண்டரை மணி முந்தியது. நண்பகல் 12 மணிக்குப் புறப்பட்டால் துபாயில் பிற்பகல் 2.30, சிங்கப்பூரில் மாலை 6.30. திரும்பும்போது இது தலைகீழாகும். அங்கே நண்பகலில் ஏறினால், துபாயிலிருந்து வருபவர் மதுரையில் மாலை 5.30க்கும், சிங்கப்பூரிலிருந்து வருபவர் பிற்பகல் 1.30க்கும் இறங்குவார்.

இந்த வேறுபாடு முழுவதும் சூரியன் வகுத்ததன்று. சிங்கப்பூர் 1982ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மலேசியாவுடன் ஒத்துப்போகத் தன் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியது. அதற்கு முன் நமக்கும் அதற்கும் இரண்டு மணியே வித்தியாசம்.

மகன் 2.30க்கு இறங்கிவிடுவான் என்று தொலைபேசியருகே அமரும் தாய் நான்கு மணி வரை கலங்குவாள். அதுவாவது கலக்கத்தோடு போகும். கைக்கடிகாரத்தைத் திருத்தாமல் சிங்கப்பூரில் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பவர் நிலைதான் மோசம். தமக்கு இன்னும் இரண்டரை மணி இருப்பதாக எண்ணி அவர் தேநீர் அருந்துகையில் விமானம் மேலேறிவிடும். துபாயில் இதே கவனக்குறைவு அவரைச் சீக்கிரம் கொண்டுபோய் உட்கார வைக்கும், அவ்வளவே.

மலிவு என்று கொழும்பு வழியாகத் துபாய்க்குச் சீட்டு வாங்குவோர் உண்டு. மதுரை–கொழும்பு சுமார் 355 கிலோமீட்டர். கொழும்பு–துபாய் சுமார் 3,290. நேர்வழியைவிட ஏறத்தாழ 700 கிலோமீட்டர் கூடுதல். வானில் இது ஒரு மணிக்கும் குறைவுதான். கொழும்பில் காத்திருக்கும் நேரத்தையே முதலில் கேட்டறிய வேண்டும்.