இணையக் கேபிள்

இல்லத்திற்கு இணைய இணைப்புப் பெறுவோர் ரவுட்டரை ஆராய்ந்து வாங்குவர். சுவரினுள் மறையும் கேபிளையோ கடைக்காரர் கொடுத்தவாறே கொள்வர். அதனுள் 8 கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கப்பெற்றிருக்கும். அம்முறுக்கு அழகிற்கன்று, அயலிலுள்ள மின்கம்பிகளால் விளையும் இடையூறு இரு கம்பிகளிலும் ஒப்பப் படிந்து, மறுமுனையில் கழிந்து போதற்பொருட்டேயாம். இம்முறைக்கு 1881-இல் காப்புரிமை பெற்றவர் தொலைபேசியால் புகழ்பெற்ற கிரகாம் பெல்.

'கேட் 5இ' என்னும் வகை 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட் செய்தியைக் கடத்தும். பெரும்பாலான இல்லங்களுக்கு அது சாலும். 'கேட் 6' 55 மீட்டர் வரை பதின்மடங்கு கடத்தவல்லது. எவ்வகையாயினும் கம்பி முழுவதும் செம்பாயிருத்தல் வேண்டும். அலுமினியத்தின்மேல் செம்பு போர்த்த கேபிள்களும் அவ்வெண்களையே தாங்கி மலிவாக விற்கப்படுகின்றன. அவை எளிதில் முறியும், மின்தடையும் மிகுதி. கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளிருக்கும் வெண்மை வெளிப்பட்டுவிடும்.