சக்கர வீடு எத்தனையோ; சாவி மட்டும் ஒன்று!

வீட்டை அப்படியே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்ற முடியுமா? அமெரிக்காவில் முடிகிறது. அந்த வண்டிக்கு ‘மோட்டார் ஹோம்’ என்று பெயர். கட்டில், அடுப்பு, குளிர்ப்பெட்டி, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். அயோவா மாகாணத்து வின்னபேகோ கம்பெனியார் 1966-ல் இதைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். அங்கே குடியிருக்கும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும்கூட விடுமுறை வந்தால் இதில் ஏறிக் கிளம்பிவிடுவதுண்டு.

ஆனால் விடுமுறை எத்தனை நாள்? மீதி மாதங்களில் இந்த யானையை எங்கே கட்டுவது? வீட்டு வாசலில் நிறுத்தக் கூடாதென்று பல ஊர்களில் விதி இருக்கிறது. ஆகவே ஊருக்கு வெளியே, வேலி போட்ட மைதானத்தில், மாத வாடகை கொடுத்து நிறுத்திவிட்டு வருகிறார்கள். பனிக்காலத்தில் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே இராது. அப்போதும் எட்டிப் பார்க்கிற ஆசாமி ஒருவர் உண்டு. வேறு யார்? திருடர்தான்!

வண்டியையே ஓட்டிக்கொண்டு போவது பெரிய வேலை. அதனால் அவர் முதலில் கண் வைப்பது மின்சார வடத்தின் மேல். முகாமில் உள்ள மின்சாரக் கம்பத்தையும் வண்டியையும் இணைக்கும், பெருவிரலைவிடப் பருமனான கறுப்பு வடம் அது. 50 ஆம்பியர் தாங்கும் 36 அடி வடத்தில் சுமார் நாலரைக் கிலோ தாமிரம் இருக்கும். 2024 மே மாதத்தில் லண்டன் சந்தையில் ஒரு டன் தாமிரம் 11,000 டாலரைத் தாண்டியது. அந்த விலையில் கணக்குப் போட்டால் திருடருக்கு 50 டாலர்தான் தேறும். பழைய சாமான் கடைக்காரர் அதிலும் பாதி கொடுத்தால் அதிசயம். புது வடத்துக்கோ உடையவர் பல மடங்கு பணம் எண்ணி வைக்க வேண்டும். எலி தின்பது ஒரு பிடி நெல். பாழாக்குவது ஒரு மூட்டை!

“பூட்டித்தானே வைத்திருப்பார்கள்?” என்று கேட்பீர்கள். வேடிக்கையே இங்கேதான் இருக்கிறது. வண்டியின் பக்கவாட்டில் சாமான் அறைகளுக்குச் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. கம்பெனிகள் பலவும் அவற்றுக்கு ஒரே மாதிரிப் பூட்டைப் போட்டு அனுப்பின. ‘சி.எச். 751’ என்பது அதன் சாவி எண். சில டாலருக்கு யார் வேண்டுமானாலும் அந்தச் சாவியை வாங்கலாம். உங்கள் பீரோச் சாவி எதிர்வீட்டு பீரோவையும் திறக்குமென்றால் இரவில் தூக்கம் வருமா?

ஆகவே முதல் காரியம், அந்தப் பூட்டுகளை மாற்றுவது. திருப்புளியும் குறடும் இருந்தால் வீட்டுப் பெண்களே மாற்றிவிடலாம்.

இரண்டாவது, கழற்ற முடிந்ததைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது. திருகிக் கழற்றும் வடமானால் கவலையே இல்லை. வண்டியோடு பிணைந்த வடமானால், மின்சார வேலை தெரிந்தவரைக் கொண்டு கழற்றும்படி மாற்றிக்கொள்ளலாம். பாட்டரியையும் அங்கே விடக் கூடாது. மின்சாரம் இறங்கிப்போன பாட்டரி கடுங்குளிரில் உறைந்து வெடித்துவிடும். வீட்டில் வைத்து அவ்வப்போது சார்ஜ் செய்தால் குளிருக்கும் தப்பும், திருடருக்கும் தப்பும்.

வடத்தின் பிளக்கை வைத்துப் பூட்டச் சிறு பெட்டிகள் விற்கிறார்கள். ஆனால் பெரிய கத்தரியோடு வருகிறவர் பெட்டியை விட்டுவிட்டு வடத்தை நறுக்கிக்கொண்டு போய்விடுவார்!

எடுத்து வர முடியாத பொருளும் ஒன்று உண்டு. வண்டிக்கு அடியில், புகைக்குழாயில் பொருத்திய ‘காடலிடிக் கன்வர்ட்டர்’. அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. வண்டி உயரமானது, அடியில் நுழைந்து அறுப்பது சுலபம். அதற்கு எஃகுத் தகடு போட்டு மறைப்பதும், விளக்கடியில் ஆள் கண்ணில் படும் இடமாகப் பார்த்து வாடகைக்கு எடுப்பதும்தான் வழி.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. நஷ்டத்தில் முதல் சில நூறு டாலர் பெரும்பாலும் உடையவர் தலையில்தான். வடம் மட்டும் போனால் ஒரு காசுகூடத் திரும்பாமல் போகலாம். இருந்தாலும் சாமான்களைப் படம் எடுத்து, எண்களைக் குறித்து வைப்பது நல்லது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. வடம் அறுபட்டுக் கிடப்பதைக் கண்டால், ஐயோ என்று கையில் எடுத்துவிடாதீர்கள்! மறுமுனை கம்பத்திலேயே இருந்தால் அதில் 240 வோல்ட் வரை மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். மைதானத்து ஆளைக் கூப்பிட்டு, கம்பத்தில் மின்சாரத்தை நிறுத்திய பிறகே கிட்டே போக வேண்டும். பணம் போனால் சம்பாதிக்கலாம், உயிர் போனால்?

திருடர் தேடுவது இரண்டு நிமிஷ வேலை. அதை இருபது நிமிஷ வேலையாக்கிவிட்டால் அவர் நம் வண்டியை விட்டு அடுத்த வண்டிக்கு நகர்வார். ஆகையால் பூட்டை மாற்றிய கையோடு அடுத்த வண்டிக்காரரிடமும் ‘751’ சமாசாரத்தைச் சொல்லி வையுங்கள். நம் ஜாக்கிரதை அவருக்கு நஷ்டமாக முடியலாமா?