மதம் கேட்காத ரெக்கார்டு கடை!

ஒரு பெரிய காகிதம். மடித்தால் இசைத்தட்டுக்கு உறை. பிரித்தால் சுவரில் ஒட்டும் போஸ்டர். உள்ளே ஏழு அங்குலத்தில் ஒரு கறுப்புத் தட்டு. மொத்தம் நான்கே பாடல்கள்.

1978-ல் வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில், ஒரு சின்னக் கடை வெளியிட்ட இசைத்தட்டு அது. அட்டையில் உறை போடக் காசில்லை. அதனால் காகிதம். மடித்துத் தர ஆள் வைக்கவும் காசில்லை. அதனால் கடையில் இருந்தவர்களே உட்கார்ந்து கையால் மடித்தார்கள்.

அந்தக் காகித உறையோடு ஒரு பழைய பிரதி விலைக்கு வந்தால், இன்று சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள். ஆனால், அந்த ஊரில் அப்போது பதினாறு, பதினேழு வயதில் இருந்தவர்களுக்கு அது வெறும் பாட்டுத் தட்டு அல்ல. ‘நீ எந்த மதம்?’ என்று யாரும் கேட்காத ஓர் இடத்தின் நினைவு.

காசு வேண்டாம், கிடார் போதும்!

அந்தத் தட்டில் இருப்பது ‘பங்க் ராக்’. 1970-களின் நடுவில் ராக் இசை பெரிய பணக்கார விவகாரமாக மாறியிருந்தது. கால் மணி நேரம் நீளும் பாடல்கள், லாரி லாரியாகக் கருவிகள், மைதானங்களில் கச்சேரி. வேலை கிடைக்காமல் தெருவில் நின்ற இளைஞனுக்கு அதில் இடமே இல்லை. ‘நாங்களே பாடிக்கொள்கிறோம்’ என்று அவன் கிளம்பினான். இரண்டு, மூன்று நிமிடப் பாட்டு. கிடாரில் மூன்று கார்டு தெரிந்தால் போதும். குரல் இனிமையாக இருக்க வேண்டியதில்லை, உண்மையாக இருந்தால் போதும்.

1976 அக்டோபரில் லண்டனின் ‘தி டேம்ன்ட்’ குழு வெளியிட்ட ‘நியூ ரோஸ்’தான் பிரிட்டனின் முதல் பங்க் இசைத்தட்டு என்பார்கள். அடுத்த மூன்றே மாதத்தில் இன்னொரு திருப்பம். மான்செஸ்டரைச் சேர்ந்த ‘பஸ்காக்ஸ்’ குழுவினர் எந்தக் கம்பெனி வாசலிலும் போய் நிற்கவில்லை. தெரிந்தவர்களிடம் 500 பவுண்டு கடன் வாங்கி, ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ என்ற தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். முதலில் அச்சிட்டது 1,000 பிரதிகள். கடைசியில் விற்றது சுமார் 16,000!

பாட்டு எழுதலாம், பாடலாம் என்பது மட்டுமல்ல, தட்டையும் நாமே போடலாம் என்ற தைரியம் அதன் பிறகுதான் ஊர் ஊராகப் பரவியது. அந்தத் தைரியம் மிகவும் தேவைப்பட்ட ஊர், பெல்ஃபாஸ்ட்.

இருட்டினால் அடங்கிவிடும் நகரம்

வடக்கு அயர்லாந்தில் 1960-களின் இறுதியில் தொடங்கிய மோதல் முப்பது ஆண்டுகள் நீடித்தது. 3,500-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்றவர்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டன்ட்கள். அயர்லாந்தோடு சேர வேண்டும் என்றவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். தெரு தனி, பள்ளிக்கூடம் தனி. ஒருவன் பெயரையும் படித்த பள்ளியையும் சொன்னாலே, அவன் எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். தவறான தெருவில் சரியான பதில் சொன்னாலும் ஆபத்து.

நகர மையத்தைச் சுற்றிப் பாதுகாப்புக் கதவுகள். உள்ளே போகப் பையைத் திறந்து காட்ட வேண்டும். கடைகள் மூடியதும் மையமே காலியாகிவிடும். 1975 ஜூலை 31 அன்று, கச்சேரி முடித்துத் திரும்பிய ‘மயாமி ஷோபேண்ட்’ என்ற பிரபலமான குழுவின் வேனை ராணுவ உடையில் இருந்தவர்கள் மறித்தார்கள். மூன்று இசைக் கலைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு வெளியூர்க் குழுக்கள் வடக்கு அயர்லாந்துக்கு வரவே பயந்தன.

1977 அக்டோபரில் லண்டனிலிருந்து ‘தி க்ளாஷ்’ குழு துணிந்து வந்தது. காப்பீட்டு நிறுவனம் பின்வாங்கியதால் கடைசி நேரத்தில் கச்சேரி ரத்தானது. அல்ஸ்டர் ஹால் வாசலில் கூடிய இளைஞர்களுக்கும் போலீஸுக்கும் தள்ளுமுள்ளு. பாட்டுக் கேட்காமலேயே வீடு திரும்பினார்கள். ஆனால், அந்தக் கூட்டம் முதல் தடவையாகத் தன்னைத்தானே பார்த்துக்கொண்டது. ‘நம்மைப் போல் இத்தனை பேரா!’

ஒற்றைக் கண் கடைக்காரர்

டெர்ரி ஹூலி, சிறுவயதில் ஒரு கண்ணை இழந்தவர். எந்தப் பக்கமும் சேராதவர். இசைத்தட்டு என்றால் உயிர். கிரேட் விக்டோரியா தெருவில் ‘குட் வைப்ரேஷன்ஸ்’ என்ற பெயரில் ரெக்கார்டு கடை திறந்தார். ஐரோப்பாவிலேயே அதிக முறை குண்டுவைக்கப்பட்ட ஹோட்டல் என்று பெயரெடுத்த யூரோப்பா ஹோட்டல் இருப்பதும் அதே தெருவில்தான். கடை திறக்க அந்த இடத்தை யாரும் தேடிப்போக மாட்டார்கள்.

1978 ஜனவரியில், பெல்ஃபாஸ்ட்டின் ‘தி பவுண்ட்’ அரங்கத்தில் உள்ளூர்ப் பையன்களான ‘ரூடி’ குழுவின் பங்க் கச்சேரியை ஹூலி பார்த்தார். அப்போது அவருக்கு முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தது. பங்க் கூட்டத்தில் அது கிழட்டு வயது! ஆனால், அந்த இரவு அவரை மாற்றிவிட்டது. இவர்களைப் பதிவுசெய்ய லண்டன் கம்பெனிகள் வராது. ‘நாமே தட்டுப் போட்டால் என்ன?’ கடையின் பெயரிலேயே ரெக்கார்டு கம்பெனி பிறந்தது. முதல் தட்டு, ரூடியின் ‘பிக் டைம்’.

ஹில் தெருவில் ‘ஹார்ப் பார்’ என்ற பழைய மதுக்கூடம் இருந்தது. குண்டுவெடிப்புக்குப் பயந்து வாசலில் கம்பிக் கூண்டு போட்டிருந்தார்கள். 1978-ல் அது பங்க் கூட்டத்தின் வீடானது. பகலில் ஹூலியின் கடை, இரவில் ஹார்ப் பார். கிழக்கு பெல்ஃபாஸ்ட்டின் புராட்டஸ்டன்ட் பையனும், மேற்கு பெல்ஃபாஸ்ட்டின் கத்தோலிக்கப் பெண்ணும் முதல் தடவையாக ஒரே இடத்தில் நின்றார்கள். பேச்செல்லாம் பாட்டைப் பற்றி, கிழிந்த சட்டையைப் பற்றி, அடுத்த கச்சேரியைப் பற்றி. கச்சேரி முடிந்தால் அவரவர் தெருவுக்குத்தான் திரும்ப வேண்டும். பங்க் போரை நிறுத்தவில்லை. சில மணி நேரங்களுக்கு அதை வாசலில் நிறுத்திவைத்தது.

ஒரே இரவில் இரண்டு முறை

டெர்ரி நகரத்திலும் ஐந்து பையன்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ‘தி அண்டர்டோன்ஸ்’. 1972-ல் ராணுவத் துப்பாக்கிச் சூட்டில் ஒரே நாளில் 13 பேர் இறந்த ஊர் அது. ஆனால், அவர்கள் பாட்டில் துப்பாக்கி இல்லை. பதின்வயதில் ஒரு பெண்ணைப் பார்க்கும்போது வரும் தவிப்பைத்தான் பாடினார்கள். ஜான் ஓ’நீல் எழுத, ஃபெர்கல் ஷார்க்கி பாடிய ‘டீனேஜ் கிக்ஸ்’ அப்படிப்பட்ட பாட்டு. இந்த ஊரிலும் பையன்கள் பையன்களாகத்தான் இருக்கிறார்கள் என்று சொன்னதே பெரிய விஷயமாக இருந்தது.

அவர்கள் குழுவைக் கலைத்துவிடும் யோசனையில் இருந்தார்கள். போகும் முன் நினைவுக்கு ஒரு தட்டு இருந்தால் போதும் என்று நினைத்தார்கள். 1978 ஜூனில், பெல்ஃபாஸ்ட்டில் வெறும் 200 பவுண்டு செலவில் நான்கு பாடல்களைப் பதிவுசெய்தார் ஹூலி. லண்டன் கம்பெனிகள் கையை விரித்தன. ஒரு பிரதி பி.பி.சி. வானொலியின் ஜான் பீலுக்குப் போனது.

இரவு நேர நிகழ்ச்சியில், யாரும் தொடாத புதுப் பாடல்களைத் தேடிப் போடுபவர் பீல். ‘டீனேஜ் கிக்ஸ்’ முடிந்ததும் அவர் செய்தது, வானொலியில் வழக்கமில்லாத காரியம். அடுத்த பாட்டுக்குப் போகாமல், ஊசியை எடுத்து மறுபடியும் அதே பாட்டின் தொடக்கத்தில் வைத்தார்!

அமெரிக்காவின் ‘சைர்’ கம்பெனி முதலாளி சீமோர் ஸ்டைன், லண்டனில் காரில் போகும்போது வானொலியில் அந்தப் பாட்டைக் கேட்டார். உடனே ஆளை அனுப்பி அண்டர்டோன்ஸை ஒப்பந்தம் செய்தார். பாட்டு பிரிட்டன் பட்டியலில் 31-வது இடம் பிடித்தது. கலையவிருந்த குழு, 1983 வரை ஓடியது.

பீல் வாழ்நாள் முழுக்க அதையே தனக்குப் பிடித்த பாடல் என்று சொன்னார். 2004-ல் பெரு நாட்டில் அவர் திடீரென இறந்தபோது, தேவாலயத்திலிருந்து அவரது பெட்டியைத் தூக்கிச் சென்றது அந்தப் பாட்டு ஒலிக்கத்தான். அவர் கல்லறையிலும் அதிலிருந்து ஒரு வரி இருக்கிறது.

கல்லாவில் சேராதது

இத்தனைக்குப் பிறகு ஹூலி பணக்காரர் ஆகியிருப்பார் என்று நினைத்தால், ஏமாற்றம்தான். பாட்டைப் பெரிய கம்பெனிக்குக் கைமாற்றியதில் அவருக்குக் கிடைத்தது சொற்பம். கணக்கு வழக்கில் அவர் புலியும் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் கடை திவாலானது. மறுபடி திறந்தார், இடம் மாற்றினார், மறுபடி மூடினார்.

2004 ஏப்ரலில் நார்த் ஸ்ட்ரீட் ஆர்கேடில் தீப்பிடித்தபோது, அவர் கடையும் அவர் சேர்த்துவைத்திருந்த இசைத்தட்டுகளும் சாம்பலாயின. அப்போதும் விடவில்லை. 2015-ல்தான் கடையை இறுதியாக மூடினார். அவர் வாழ்க்கை ‘குட் வைப்ரேஷன்ஸ்’ என்ற பெயரிலேயே திரைப்படமானது. 2018-ல் பெல்ஃபாஸ்ட்டில் மேடை ஏறியது.

பிரிட்டனில் கறுப்புத் தட்டுகளுக்கு இப்போது மறுபடியும் மவுசு. போனில் லட்சம் பாடல்கள் வைத்திருக்கும் பிள்ளைகளும் கடைக்குப் போய்த் தட்டு வாங்குகிறார்கள். ‘டீனேஜ் கிக்ஸ்’ மறுஅச்சாகவும் கிடைக்கிறது. ஒலியில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனாலும், அந்தப் பழைய காகித உறைக்காகத்தான் ஏங்குகிறார்கள்.

1998-ல் அமைதி ஒப்பந்தம் வந்தது. ஆனால், பெல்ஃபாஸ்ட்டில் இரு தரப்புக் குடியிருப்புகளைப் பிரிக்கும் உயரமான சுவர்கள் இன்னும் சில இடங்களில் நிற்கின்றன. பெரும்பாலான குழந்தைகள் இன்னும் தனித்தனிப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அன்று, எந்த ஒப்பந்தத்துக்கும் காத்திருக்காமல், ஒரு கடைக்காரரும் சில பையன்களும் பெண்களும் ஒரே அறையில் உட்கார்ந்து காகிதம் மடித்தார்கள்.

அந்த மடிப்புகளில் எது எந்த மதத்துக் கை மடித்தது என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியாது.