மலைப் பாதையில் கனக்கும் சுக்கான்

கொழும்பிலிருந்து கண்டி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை மாவனல்லையைக் கடந்ததும் சமநிலத்தின் இயல்பை விட்டு மலையின் இயல்பை மேற்கொள்கிறது. ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் பள்ளம். வளைவுக்கு மேல் வளைவாக ஏறி அது கடுகண்ணாவையை அடைகிறது. இப்பாதையை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் மறைந்தார். அவர் நினைவாக 1832இல் எழுப்பப்பட்ட கோபுரம் இன்றும் அங்கே நிற்கிறது. அவர் பாதை வகுத்தது குதிரைகளுக்காகவும் மாட்டு வண்டிகளுக்காகவும். இன்று அதே மலைச்சரிவில் பாரவூர்திகளும் பஸ்களும் கார்களும் ஏறி இறங்குகின்றன. நேர்ச்சாலையில் மறைந்து கிடக்கும் வாகனக் குறைகள் இவ்வளைவுகளிலே தம்மைக் காட்டிக்கொள்கின்றன. அவற்றுள் சாரதியைப் பெரிதும் திகைக்க வைப்பது, பழைய காரின் சுக்கான் திடீரெனக் கனத்துப்போவது.

இதன் காரணத்தை அறிய வேண்டுமானால், முதலில் பவர் ஸ்டியரிங் என்னும் அமைப்பு யாது என அறிதல் வேண்டும். அமெரிக்கப் பொறியியலாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926இல் இதனை ஒரு காரிற் பொருத்திக் காட்டினார். 1951இல் கிறைஸ்லர் நிறுவனம் அதனை விற்பனைக் கார்களில் அமைத்தது. 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின் இலங்கைக்குப் பெருமளவில் வந்த யப்பானியக் கார்கள் பலவற்றிலும் எண்ணெய் அமுக்கத்தால் இயங்கும் இவ்வமைப்பே இருந்தது. எஞ்சின் ஒரு பெல்டைச் சுழற்றுகிறது. பெல்ட் ஒரு பம்பியைச் சுழற்றுகிறது. பம்பி எண்ணெயை அமுக்கி அனுப்புகிறது. சாரதி எப்பக்கம் திருப்புகிறாரோ அப்பக்கத்துக்கு ஒரு வால்வு அவ்வெண்ணெயைத் திறந்துவிட, அதன் அமுக்கம் சக்கரங்களைத் தள்ள உதவுகிறது.

‘உதவுகிறது’ என்னும் சொல்லைக் கவனித்தல் வேண்டும். சுக்கானுக்கும் சக்கரங்களுக்கும் இடையே இரும்பினாலான நேரடித் தொடர்பு எப்போதும் உண்டு. எண்ணெயின் துணை அற்றுப்போனாலும் கார் திரும்பும். ஆனால் கையின் வலு பன்மடங்கு வேண்டும். ஆதலின், வளைவில் சுக்கான் கனத்தால் சாரதி கலங்கலாகாது. இரு கைகளாலும் உறுதியாகப் பற்றி, வேகத்தைத் தணித்து, அகன்ற இடம் ஒன்றில் காரை ஒதுக்கிவிடலாம். நின்ற பின்னரே ஆராய்ச்சி தொடங்க வேண்டும்.

முதலிற் பார்க்கத் தக்கவை செலவில்லாதவை. முன் சக்கரங்களிற் காற்றுக் குறைந்தாலும் சுக்கான் கனக்கும்; இதனை மறந்து பம்பியைக் கழற்றுவோர் பலர். அடுத்தது எண்ணெய்க் கலம். அதில் இரு குறிகள் உண்டு. எண்ணெய் அவற்றிடையே நிற்க வேண்டும். இவ்வெண்ணெய் பெற்றோலைப் போல எரிந்து தீர்வதன்று. ஒரே வட்டத்திற் சுற்றி வருவது. எனவே அது குறைந்திருந்தால் எங்கோ ஒழுகியிருக்கிறது என்பதே பொருள். கலத்தை நிரப்புவது வீடு சேரப் போதும், அது திருத்தமாகாது. குழாய் மூட்டுகளையும், சுக்கான் பெட்டியின் இரு புறமும் உள்ள றப்பர் உறைகளையும், கார் நின்ற தரையையும் பார்த்தால் ஒழுக்கின் இடம் பெரும்பாலும் தெரியும். எஞ்சின் ஓடும்போது குழாயைக் கையால் தடவிப் பார்த்தல் கூடாது. அதனுள் உள்ள அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 1,000 இறாத்தலளவுக்கும் உயரக்கூடும். காரின் கைந்நூல் கூறும் எண்ணெயை மட்டுமே ஊற்ற வேண்டும். பிரேக் எண்ணெயை ஊற்றினால் உள்ளிருக்கும் றப்பர் வளையங்கள் கெடும்.

எண்ணெய் நுரைத்திருந்து, எஞ்சின் வேகத்தோடு கூடிக் குறையும் முனகல் கேட்டால், உள்ளே காற்றுப் புகுந்திருக்கிறது. திருப்பும்போது கீச்சென்ற ஒலி எழுந்தால், பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது என ஐயுறலாம். பெல்ட் அறுந்திருக்கவும் கூடும். சில கார்களில் அந்த ஒரே பெல்ட் குளிர்நீர்ப் பம்பியையும் பற்றரிக்கு மின்னூட்டும் பொறியையும் சுழற்றும். சுக்கான் கனத்ததோடு பற்றரி விளக்கும் எரிந்தால் எஞ்சினை ஓடவிடலாகாது. சிறிது நேரத்தில் அது கொதித்துவிடும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் குறை தீரவில்லையெனில், சுக்கான் எப்போது, எவ்வாறு கனக்கிறது என்பதை நோக்க வேண்டும். எஞ்சின் மெதுவாக ஓடுகையிற் கனத்து, வேகங் கூட்டியதும் இலகுவாயின், பம்பி தேய்ந்திருக்கலாம். ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் கனத்தால், பம்பி குற்றவாளியன்று; வால்வையோ சுக்கான் பெட்டியின் உள்வளையங்களையோ பார்க்க வேண்டும். குளிர்ந்த காலையிற் கனத்துச் சூடேறியதும் இளகினால், அதுவும் உள்வளையங்களின் தேய்வையே சுட்டும். இனி, சமதரையில் முன் சக்கரங்களை உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சுக்கானைத் திருப்பிப் பார்க்கலாம். அப்போதும் அது இறுகினால் எண்ணெயைக் குறைகூறிப் பயனில்லை. துருவேறிய மூட்டுகளே காரணமாகலாம்.

இவ்வொழுங்கு ஏன் வேண்டும்? சுக்கான் பெட்டியை மாற்றுவது பெருஞ்செலவு. தளர்ந்த பெல்டை இறுக்குவதற்கோ சில நிமிடங்களே வேண்டும். சுக்கான் கனக்கிறது என்று மட்டும் கூறிக் காரைக் கராஜில் விட்டுவருபவர், எளிய குறைக்கும் பெரிய விலை கொடுக்க நேரலாம். எப்போது, எப்பக்கம், எவ்வொலியோடு எனச் சொல்லத் தெரிந்தவரோ திருத்துநரின் வேலையிற் பாதியை முடித்துவிடுகிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிடும் வழக்கம் சிலரிடம் உண்டு. எஞ்சின் நின்றால் பம்பியும் நிற்கும். பிரேக்கின் துணைவிசையும் ஓரிரு அழுத்தலில் தீர்ந்துபோகும். சாவியை இன்னும் பின்னே திருப்பிக் கழற்றினாற் சுக்கானே பூட்டிக்கொள்ளும். நல்ல காரையும் பழுதான காராக்குவது இப்பழக்கம். கடுகண்ணாவை இறக்கத்தில் மிச்சமாகும் சில துளி பெற்றோலுக்கு அது மிகப் பெரிய விலை. குறைந்த கியரில் எஞ்சின் ஓட இறங்குவதே அப்பாதைக்கு ஏற்ற முறை. மலையேறப் புறப்படுமுன் எண்ணெய்க் கலத்தையும் பெல்டையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது அதனினும் நன்று.